ஐம்பதில் மூன்று! — சோய்ச்சிரோ ஹோண்டாவின் வாழ்க்கை



தலைப்பைப் பார்த்ததும் நம்மில் யாரோ ஒருத்தரோட மாடல் எக்ஸாம் மார்க் என்று நினைத்து விடாதீர்கள். இது உலகமே அறிந்த ஒரு மனிதர் வாங்கிய மார்க். நாம் தினமும் பார்க்கும் வண்டிகளில் அவருடைய பெயர் எழுதியிருக்கிறது. ஹோண்டா என்பது கம்பெனிக்காக யோசித்து வைத்த பெயர் அல்ல. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். முழுப் பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா.

தன்னம்பிக்கைக் கூட்டம் எது நடந்தாலும் இவர் பெயர் வந்து விடும். ஹோண்டா டிப்ளமோ வாங்காதவர், டிப்ளமோவை விட சினிமா டிக்கெட்டே மேல் என்று கேலி செய்தவர், அப்படி இருந்தும் கோடீஸ்வரர் ஆனார் என்று மேடையில் சொல்வார்கள். நாமும் கை தட்டுவோம். அரியர் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பலமாகவே தட்டுவோம்!

எனக்கு இந்தக் கதை மேடையோடு முடிந்து விடவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதுக்கு மேல் காலடி எடுத்து வைத்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. சித்தப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பையனை என்கிட்ட விடுங்க, மூணே வருஷத்துல தனிக்கடை போடுற அளவுக்கு ஆக்கிடுறேன், படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான் என்று அப்பாவிடம் அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் இந்த ஹோண்டா கதைதான். அதனால் இந்த மனிதரின் வாழ்க்கையை நான் கொஞ்சம் கவனமாகவே படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

கொல்லுப் பட்டறையில் பிறந்தவர்

ஜப்பானில் ஷிசுவோகா மாநிலம். அங்கே ஹமாமட்சு நகருக்குப் பக்கத்தில் கோம்யோ என்று ஒரு கிராமம். 1906 நவம்பர் 17-ல் அங்கே பிறந்தார் ஹோண்டா. அப்பா கிஹெய் இரும்பு அடிக்கும் கொல்லர். பிறகு சைக்கிள் ரிப்பேரும் பார்த்தார். அம்மா மிகா தறி நெய்பவர். வசதி இல்லாத வீடு. ஆனால் கண் திறந்ததில் இருந்து சுத்தியலும் உலையும்தான் விளையாட்டுச் சாமான்.

சின்ன வயதில் ஊருக்குள் முதல் முறையாக ஒரு மோட்டார் கார் வந்தது. பையன் அதன் பின்னாலேயே ஓடினான். கார் நின்ற இடத்தில் சொட்டியிருந்த ஆயிலை மோந்து பார்த்தான், கையில் தடவிக் கொண்டான். அந்த வாசனையைக் கடைசி வரைக்கும் அவர் மறக்கவே இல்லை. 1917-ல் ஹமாமட்சுவில் விமான சாகசம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவின் பெரிய சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துக் கொண்டு, குரங்குப் பெடல் போட்டே 20 கிலோமீட்டர் போனான். டிக்கெட் வாங்கக் காசு போதவில்லை. வேலிக்கு வெளியே இருந்த மரத்தில் ஏறிப் பார்த்து விட்டு வந்தான்.

பள்ளிக்கூடத்தில் புத்தகப் படிப்பு சுமார்தான். மார்க் சீட்டில் வீட்டார் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். நம்ம ஆள் சைக்கிள் பெடல் ரப்பரைச் செதுக்கி, குடும்ப முத்திரையைத் தானே செய்து குத்தி விட்டான்! இதைக் கேள்விப்பட்ட கூட்டாளிகள் தங்களுக்கும் கேட்க, தாராளமாகச் செய்து கொடுத்தான். அங்கேதான் மாட்டிக் கொண்டான். ஹோண்டா என்ற பெயரின் எழுத்துக்கள் இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் அவன் முத்திரை சரியாக விழுந்தது. மற்றவர்கள் பெயரோ கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி விழுந்தது. முத்திரையைத் தலைகீழாகச் செதுக்க வேண்டும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. கை வேலை பிரமாதம், அதற்குப் பின்னால் இருக்கிற விதி தெரியவில்லை. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள் நண்பர்களே, இதே சங்கதி பின்னால் பெரிய அளவில் வரப் போகிறது.

குழந்தை தூக்கிய மெக்கானிக்

1922-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தோக்கியோவில் ஆர்ட் ஷோக்காய் என்ற கார் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்பேனர் பிடிக்கப் போகிறோம் என்ற கனவோடு போனால், முதலாளி கொடுத்த முதல் வேலை கைக்குழந்தையைப் பார்த்துக் கொள்வது! மாதக் கணக்கில் குழந்தையைச் சுமந்து கொண்டே மற்றவர்கள் என்ஜின் பிரிப்பதை வேடிக்கை பார்த்தார். ஒரு நாள் வேலை குவிந்து ஆள் பத்தாமல் போனதும்தான் அவருக்கு அழைப்பு வந்தது. அன்றைக்கு வண்டிக்கு அடியில் போனவர்தான், அதற்குப் பிறகு அவரை யாரும் குழந்தை தூக்கச் சொல்லவில்லை.

1923 செப்டம்பர் 1-ல் பெரிய நிலநடுக்கம் வந்து தோக்கியோ எரிந்தது. அந்தக் களேபரத்தில் முதல் முதலாகக் கார் ஓட்டி, கடையில் நின்ற வண்டியை வெளியே கொண்டு வந்தார். பிறகு எரிந்து போன கார்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை வந்தது. பல பேர் கையை விட்ட வண்டிகளில்தான் அவர் தொழில் கற்றார். முதலாளிக்கு நம்பிக்கை வந்து, 1928-ல் ஹமாமட்சுவில் கிளை போட்டுக் கொள்ள அனுமதித்தார். 21 வயதில் தனிக்கடை! கடை நன்றாக ஓடியது. ரேஸ் கார் செய்து தானே ஓட்டினார். 1936-ல் தாமகாவா ரேஸில் பெரிய விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தார்.

இந்த இடம் வரைக்கும் கதை சித்தப்பா சொன்ன மாதிரியேதான் போகிறது. படிப்பு இல்லை, தொழில் இருக்கிறது, காசும் இருக்கிறது. இனிமேல்தான் மாறுகிறது.

ஐம்பதில் மூன்று

ரிப்பேர் எத்தனை காலம் செய்தாலும் அடுத்தவன் செய்த பொருளைத்தான் சரி செய்கிறோம், நாமே ஒரு பொருள் செய்ய வேண்டும் என்று ஹோண்டாவுக்குத் தோன்றியது. பிஸ்டன் ரிங் தயாரிப்பது என்று முடிவு செய்தார். பார்க்கச் சின்ன வளையம்தானே, வார்த்துக் கடைந்தால் முடிந்தது என்று இறங்கினார். ராத்திரி பகலாகப் பட்டறையிலேயே கிடந்தார். வந்த ரிங் ஒன்றும் நிற்கவில்லை. கை வைத்தால் உடைகிறது.

ஏன் உடைந்தது? நம்ம மெட்டீரியல்ஸ் பாடத்தில் இருப்பதுதான். வார்ப்பிரும்பில் சிலிக்கான் போதுமான அளவு இருந்தால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து நிற்கும். சாம்பல் வார்ப்பிரும்பு கிடைக்கும். கடையலாம், தேயாமல் உழைக்கும். சிலிக்கான் குறைந்தால், அதிலும் மெல்லிய வார்ப்பு சீக்கிரம் ஆறினால், கார்பன் இரும்போடு சேர்ந்து வெள்ளை வார்ப்பிரும்பாகி விடும். கண்ணாடி மாதிரிக் கடினம், கண்ணாடி மாதிரியே உடையும். ரிங் என்பது சிலிண்டர் சுவரை ஸ்பிரிங் மாதிரி அழுத்திக் கொண்டே சூட்டிலும் உழைக்க வேண்டிய பொருள். வெள்ளை இரும்பில் அது நடக்குமா?

நமக்கு இது ரெண்டு மார்க் கேள்வி. ஹோண்டாவுக்கு இது தெரியாது. எத்தனை தடவை உலை மூட்டினாலும், எத்தனை ராத்திரி கண் விழித்தாலும் சிலிக்கான் தானாக வந்து சேராது. கடைசியில் ஹமாமட்சு தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் ரிங்கைக் கொண்டு போனார். சோதித்துப் பார்த்தவர் சிலிக்கான் போதவில்லை என்றார். அது என்ன பொருள் என்பதே ஹோண்டாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது அவருக்கு வயது முப்பது தாண்டி விட்டது. கல்யாணம் ஆனவர், பல பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தன்னை விடப் பத்து வயது குறைந்த பையன்களோடு அதே கல்லூரியில் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்! பகலில் வகுப்பு, மற்ற நேரம் பட்டறை. ரிங்குக்கு வேண்டிய பாடத்தை மட்டும் விடாமல் கேட்டார். தேர்வு எழுதவில்லை. அதனால் கல்லூரி அவருக்கு டிப்ளமோ தரவில்லை. சினிமா டிக்கெட் கேலி பிறந்தது இந்த இடத்தில்தான்.

படிப்பு வேலை செய்ய ஆரம்பித்தது. ஆனாலும் உடனே வெற்றி வரவில்லை. டொயோட்டா கம்பெனிக்கு 50 ரிங் சோதனைக்குக் கொடுத்தார். தேறியது மூன்று. 47 ஃபெயில்! அதற்குப் பிறகும் விடாமல் கற்று, பல தொழிற்சாலைகளைப் போய்ப் பார்த்து, ரிங்கைச் சரியாக்கினார். டொயோட்டாவுக்கே சப்ளை செய்கிற அளவுக்கு வந்தார்.

நண்பர்களே, மேடையில் கேலியைச் சொல்கிறார்கள், பெஞ்சைச் சொல்வதில்லை. ஹோண்டா வேண்டாம் என்றது காகிதத்தை. படிப்பை அவர் தேடிப் போனார், அதுவும் மானம் பார்க்காமல் போனார். காகிதம் இல்லாமல் அவரால் சமாளிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அவருக்குச் சொந்தப் பட்டறை இருந்தது, வேலை கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. செங்கல் சூளைக்காரர் மகனுக்குக் காகிதமும் வேண்டும். இதை நான் கூச்சமில்லாமல் சொல்வேன்.

சாம்பலில் இருந்து சைக்கிள் என்ஜின்

போர் வந்தது. குண்டு வீச்சிலும், 1945 ஜனவரியில் வந்த மிகாவா நிலநடுக்கத்திலும் தொழிற்சாலைகள் நாசமாயின. மிச்சம் இருந்ததை டொயோட்டாவுக்கு நாலரை லட்சம் யென்னுக்கு விற்றார். ஒரு வருஷம் எதுவும் செய்யாமல் ஓய்வாக இருந்தார்.

போர் முடிந்த ஜப்பானில் பஸ், ரயிலில் இடம் இல்லை. அரிசி, காய்கறிக்காக ஜனங்கள் மைல் கணக்கில் சைக்கிள் மிதித்தார்கள். 1946-ல் ஹமாமட்சுவில் ஒரு சின்னக் கொட்டகையில் ஹோண்டா மறுபடியும் பட்டறை போட்டார். ராணுவத்தின் வயர்லெஸ் கருவிக்குக் கரண்ட் எடுக்கப் பயன்பட்ட சின்ன என்ஜின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அதில் ஒன்றைச் சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டாங்குக்கு என்ன செய்வது? குளிருக்கு ஒத்தடம் வைக்கிற வெந்நீர்க் குடுவையையே டாங்காக வைத்தார்! முதல் வண்டிகளை ஓட்டிப் பார்த்தவர்களில் அவர் மனைவி சாச்சியும் ஒருவர்.

ராணுவ என்ஜின் தீர்ந்து போனதும் 1947-ல் சொந்தமாக என்ஜின் செய்தார். ஏ-டைப் என்று பெயர், 50 சி.சி., டூ ஸ்ட்ரோக். 1948 செப்டம்பர் 24-ல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. 1949-ல் முழு மோட்டார் சைக்கிளாக ட்ரீம் டி-டைப் வந்தது, 98 சி.சி. அதே வருஷம் தகேயோ ஃபுஜிசாவா என்பவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். ஹோண்டா என்ஜினை மட்டும் பார்ப்பார், பணம், விற்பனை எல்லாம் ஃபுஜிசாவா. தனக்கு என்ன தெரியாது என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒரு படிப்புதான்.

இடி மழையில் ஒரு நான்கு ஸ்ட்ரோக்

டூ ஸ்ட்ரோக் ட்ரீம் கொஞ்ச நாளில் விற்பனை சரிந்தது. சந்தையில் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளைத்தான் ஜனங்கள் விரும்பினார்கள். ஃபுஜிசாவா நெருக்கினார். கியோஷி கவாஷிமா என்ற இளம் என்ஜினியர் ஹோண்டாவின் மேற்பார்வையில் படம் போட்டார். 146 சி.சி. வால்வுகள் பக்கத்தில் இருக்கும் பழைய ஏற்பாட்டை விட்டு, தலைக்கு மேலே வைத்த ஓவர்ஹெட் வால்வு. இதுதான் ட்ரீம் ஈ-டைப். 1951 ஜூலை 15-ல் புயல் மழையில் ஹக்கோனே மலைப் பாதையில் கவாஷிமாவே ஓட்டினார். பின்னால் காரில் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும். வண்டி மூச்சு வாங்காமல் மேலே ஏறியது, காரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. உச்சியில் மூன்று பேரும் மழையில் நனைந்தபடி கொண்டாடினார்கள். இந்தக் கவாஷிமாதான் பின்னாளில் கம்பெனியின் இரண்டாவது தலைவர்.

நூடுல்ஸ் கடைப் பையனுக்கு ஒரு வண்டி

1956 கடைசியில் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஐரோப்பா போனார்கள். அங்கே தெருவெல்லாம் மொபெட், ஸ்கூட்டர். ஜப்பானின் மண் ரோட்டுக்கு அவை ஒத்து வராது என்று ஹோண்டா நினைத்தார். திரும்பி வந்ததும் புது வண்டிக்கு வேலை தொடங்கியது. நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக் கொண்டு, இன்னொரு கையால் ஓட்ட முடிய வேண்டும். பெண்களும் சுலபமாக ஏறி இறங்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். ஒவ்வொன்றும் ஒரு பொறியியல் கணக்கு.

ஒரு கை என்றால் கிளட்ச் லீவர் இருக்கக் கூடாது. அதற்காகத் தானாகச் சேர்ந்து பிரிகிற மைய விலக்கு விசைக் கிளட்ச் செய்தார்கள். கியரைக் காலால் மாற்றினால் போதும். ஏறி இறங்க நடுவில் இடம் வேண்டும் என்றால் என்ஜின் நிமிர்ந்து நிற்கக் கூடாது. சிலிண்டரை ஏறக்குறையப் படுக்க வைத்தார்கள். மண் ரோட்டுக்குப் பெரிய சக்கரம் வேண்டும், ஆனால் சீட் உயரக் கூடாது. 17 அங்குலம் என்று முடிவு செய்தார்கள். அந்த அளவில் டயரே அப்போது அங்கே கிடையாது, புதிதாகச் செய்ய வைத்தார்கள். சேறு தெறிக்காமல் இருக்க முன்னால் பாலிஎதிலீன் கவசம்.

என்ஜின்? அந்தக் காலத்தில் 50 சி.சி. என்றாலே டூ ஸ்ட்ரோக்தான். அதில் பெட்ரோலோடு ஆயிலும் எரியும், புகை வரும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்று நின்றார். 40 மி.மீ. போர், 39 மி.மீ. ஸ்ட்ரோக். கணக்குப் போட்டுப் பாருங்கள், 49 சி.சி. வரும். அத்தனூண்டு சிலிண்டர் தலையில் ரெண்டு வால்வு, ஒரு பிளக் எல்லாம் அடங்க வேண்டும். வழக்கமான பிளக் வைக்க இடம் இல்லை, 10 மி.மீ. பிளக் உருவாக்கினார்கள். 9,500 சுற்றில் 4.5 குதிரைத் திறன் கிடைத்தது.

மாதிரி வண்டியைப் பார்த்த ஃபுஜிசாவா 30,000 வண்டி விற்கும் என்றார். வருஷத்துக்கு என்று நினைத்து எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னது மாதத்துக்கு! 1958 ஆகஸ்டில் 55,000 யென் விலையில் சூப்பர் கப் வந்தது. ஆரம்பத்தில் கிளட்ச் வழுக்குகிறது என்று புகார் வந்தபோது, ஊழியர்கள் லீவு எடுக்காமல் உழைத்துச் சரி செய்தார்கள். 1960-ல் சுசுக்காவில் இதற்கென்றே பெரிய தொழிற்சாலை எழும்பியது. 2017-ல் இந்த வகை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது.

இதற்கு நடுவே உலகப் புகழ் பெற்ற மான் தீவு ரேஸிலும் ஜெயிப்போம் என்று 1954-லேயே அறிவித்து, 1959-ல் முதல் முறை கலந்து கொண்டு, 1961-ல் 125, 250 சி.சி. இரண்டிலும் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தார்கள்.

இடியும் மழையும்

ஹோண்டாவைச் சாமியாக்கி விட எனக்கு விருப்பம் இல்லை. கோபம் வந்தால் இடி மாதிரி விழுவார். வேலை சரியில்லை என்றால் கையில் இருப்பதை வீசுவார், அடித்தும் இருக்கிறார். இன்றைக்கு எந்தத் தொழிற்சாலையிலும் அதை ஏற்க முடியாது. பிடிவாதமும் உண்டு. 1960-களின் கடைசியில் கார் என்ஜினுக்குக் காற்றுக் குளிர்விப்புதான் என்று அவர் நிற்க, இளைய என்ஜினியர்கள் தண்ணீர்க் குளிர்விப்பு வேண்டும் என்றார்கள். கடைசியில் ஃபுஜிசாவா குறுக்கிட்டு, நீங்கள் தலைவராக இருக்கப் போகிறீர்களா, என்ஜினியராக இருக்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஹோண்டா விட்டுக் கொடுத்தார். 1972-ல் அந்த இளைஞர்கள் செய்த சி.வி.சி.சி. என்ற புகை குறைந்த என்ஜின் அமெரிக்காவின் கடுமையான சட்டத்தையே தாண்டிக் காட்டியது. தன் காலம் முடிந்தது என்று அவருக்குப் புரிந்தது. 1973-ல் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். பிறகு ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களையும் டீலர்களையும் நேரில் பார்த்து நன்றி சொன்னார்.

1991 ஆகஸ்ட் 5-ல் 84 வயதில் காலமானார். வண்டி செய்கிறவன் சாவுக்கு ரோட்டில் டிராஃபிக் ஜாம் ஆகக் கூடாது என்று சொல்லி, கம்பெனி சார்பில் பெரிய ஊர்வலம், சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார்.

நம் கைக்கு வந்த என்ஜின்

அந்தப் படுத்த சிலிண்டர் நம்ம ஊருக்கும் வந்தது. 1984-ல் ஹீரோ ஹோண்டா கூட்டு நிறுவனம் உருவாகி, மறு வருஷம் சி.டி.100 வெளியானது. 50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக், 97 சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக். சூப்பர் கப் வம்சத்து என்ஜின்தான். இந்தக் கூட்டு 2010-ல் பிரிவது என்று முடிவானது. ஆனால் பால்காரர், காய்கறிக்காரர் என்று அந்த வண்டியில் பிழைத்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

சித்தப்பா கடையில் அந்த என்ஜினைக் கண்ணை மூடிக் கொண்டு பிரித்துப் பூட்டுவார். சத்தத்தைக் கேட்டே டாப்பெட் லூஸ் என்று சொல்லி விடுவார். அந்தக் காதுக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பேன், நம்ம லேபில் அது கிடைக்காது. ஆனால் 2020-ல் பி.எஸ்.6 விதி வந்து கார்புரேட்டர் போய், சென்சாரும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் வந்த பிறகு, புது வண்டி வந்தால் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டு போங்க என்று திருப்பி அனுப்புகிறார். இருபது வருஷத் தொழில்காரர் அப்படிச் சொல்வதைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருக்கும். இது அவருடைய சிலிக்கான்.

அதனால் நானும் அவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போகிறேன். ரிங் இடைவெளி பார்ப்பது, வால்வு உட்கார வைப்பது எல்லாம் அவர் சொல்லித் தருகிறார். சென்சார் எப்படி வேலை செய்கிறது, மின்னுகிற எச்சரிக்கை விளக்கின் கோடு எதைக் காட்டுகிறது என்று எனக்கு வகுப்பில் புரிந்ததை நான் அவருக்குச் சொல்கிறேன். போன மாதம் ஒரு புது வண்டியைத் திருப்பி அனுப்பாமல் நாங்களே பார்த்தோம்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கேள்வி இருக்கும். படிப்பதா, தொழிலுக்குப் போவதா? அடுத்த முறை யாராவது ஹோண்டா டிப்ளமோ வாங்கவில்லை என்று சொன்னால், ஐம்பதில் மூன்று தேறியதையும், முப்பது வயதில் அவர் பெஞ்சில் உட்கார்ந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரியர் வைத்திருக்கிற தோழர்களே, 47 ஃபெயில் ஆனவர் மறுபடி உலை மூட்டினார். நவம்பர் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதியைத் தவற விட்டு விடாதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு